பதிவிறக்கம் முடியும்வரை உறங்காத கணினி: பவர்டாய்ஸ் அவேக் பற்றிய மதிப்பீடு

குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு வட்டாரத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் கணினிப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்குப் பெரிய கோப்புகளை இறக்குவது அடிக்கடி வந்து சேரும் வேலை. கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்காக வெளியிடும் கைட் குனு லினக்ஸ் இயங்குதளம் ஆனாலும், லிட்டில் கைட்ஸ் என்ற பள்ளிக் கணினி மன்ற மாணவர்களுக்கான அசைவூட்ட மென்பொருள்கள் ஆனாலும், காணொளிப் பாடங்களின் தொகுப்பு ஆனாலும், எதுவும் ஜிபி கணக்கில்தான் வருகிறது. மலைப்பகுதியில் வினாடிக்கு 5 மெகாபிட் வேகம் தடையின்றிக் கிடைத்தால்கூட ஒரு மணி நேரத்தில் 2.25 ஜிபிக்கு மேல் இறங்காது. 6 ஜிபி கோப்புக்கு 2 மணி 40 நிமிடம் ஆகும். பகலில் பலரும் ஒரே இணைப்பைப் பயன்படுத்துவதால் அந்த வேகமும் வாய்ப்பதில்லை. ஆகவே இரவு படுக்கப் போகும்முன் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டு, காலையில் வந்து பார்ப்பதே இங்குள்ள வழக்கம். காலையில் பார்த்தால் கோப்பு பாதியில் நின்றிருக்கும். பெரும்பாலும் இணைப்பின் மேல் பிழை இருக்காது. யாரும் தொடவில்லை என்று கணினி தானாக உறக்க நிலைக்குப் போயிருக்கும்.

உறக்க நிலைக்குப் போகும் கணினி நினைவகத்தைத் தவிர ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது, வலையட்டையும் அதில் அடங்கும். மறுமுனையில் கோப்பைத் தரும் வழங்கி (சர்வர்) சிறிது நேரம் காத்திருந்துவிட்டுத் தொடர்பைத் துண்டித்துவிடும். காலையில் கணினியை எழுப்பும்போது உலாவி ‘நெட்வொர்க் பிழை’ என்று காட்டுவது இதனால்தான். விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்பது கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் தருவதற்கு அந்த வழங்கி இடம் கொடுக்கிறதா என்பதைப் பொறுத்தது. சில தளங்கள் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லும் இணைப்பு முகவரிகளைத் தருகின்றன. மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் நிறுவல் கோப்புக்குக் கிடைக்கும் முகவரி 24 மணி நேரத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும். நேரம் கடந்துவிட்டால் அதே முகவரியை வைத்துக்கொண்டு மீதியைக் கேட்க வழியில்லை.

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், விண்டோஸ் அமைப்புகளில் மின்சாரப் பகுதிக்குச் சென்று உறக்கத்துக்கான நேரத்தை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்றிவிடுவது. அன்றைய இரவுக்கு அது பலன் தரும். ஆனால் மாற்றியவர் மறுநாள் அதைத் திரும்ப மாற்ற மறந்துவிடுவார். ஆசிரியர் அறையில் பலர் கைமாறும் கணினியில் அந்த மாற்றம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெள்ளிக்கிழமை மாலை யாரோ அணைக்காமல் விட்டுப்போன கணினி திங்கட்கிழமை காலைவரை ஓடிக்கொண்டிருக்கும். தற்காலிகத் தேவைக்கு நிரந்தர அமைப்பை மாற்றுவது தவறான வழி என்பது என் உறுதியான கருத்து. இந்தத் தேவைக்கென்றே மைக்ரோசாஃப்ட் விலையின்றித் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் அவேக் என்ற சிறு கருவி இருக்கிறது. நான் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன், தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆனால் அதன் எல்லைகளைத் தெரிந்துகொள்ளாமல் நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்பதால் அவற்றையும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பவர்டாய்ஸ் திறந்த மூல மென்பொருள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் கிட்ஹப் தளத்திலும் கிடைக்கிறது. நிறுவியபின் அதன் அமைப்புச் சாளரத்தில் அவேக் என்பதைத் தேர்ந்து இயக்கினால், பணிப்பட்டையின் வலது ஓரத்தில் காபிக் கோப்பை வடிவில் ஒரு சிறு படம் தோன்றும். அதன்மேல் வலது சொடுக்கினால் பட்டியல் விரியும். வழக்கமான மின் திட்டத்தையே (உறக்க நேரம் முதலான அமைப்புகளை) பின்பற்று, காலவரையின்றி விழித்திரு, இத்தனை மணி நேரத்துக்கு விழித்திரு என்று அதில் தேர்வுகள் இருக்கின்றன. அமைப்புச் சாளரத்துக்குச் சென்றால் இன்ன தேதி இன்ன மணிவரை என்றும் குறிக்கலாம். இவற்றுள் இரவுப் பதிவிறக்கத்துக்குப் பொருத்தமானவை கடைசி இரண்டும்தான். காலவரையற்ற தேர்வைத் தவிர்ப்பது நல்லது. பவர்டாய்ஸ் ஒவ்வொரு முறையும் கணினியுடன் சேர்ந்தே தொடங்கும்படி இருந்தால் அந்தத் தேர்வும் நீடித்துக்கொண்டே போகும், பழைய மறதித் தொல்லை வேறு வாசல் வழியே திரும்பி வந்துவிடும். மெனுவில் ஆயத்தமாக இருக்கும் நேரங்கள் அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி மட்டுமே. ஓர் இரவு முழுக்கத் தேவைப்படுவோருக்கு இது போதாது. ஆறு மணி, எட்டு மணி என்றும் அங்கேயே வைத்திருக்கலாம். இப்போதைக்கு அமைப்புச் சாளரத்தைத் திறந்து மணியையும் நிமிடத்தையும் நாமே எண்ணாக இட வேண்டியிருக்கிறது.

இந்தக் கருவியிடம் எனக்கு மிகவும் பிடித்தது அது வேலையைச் செய்யும் முறை. நம் மின் திட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட அது மாற்றுவதில்லை. ‘இப்போது வேலை நடக்கிறது, உறங்க வேண்டாம்’ என்று ஒரு நிரல் விண்டோஸிடம் முறைப்படி கேட்டுக்கொள்வதற்கான வசதி எக்ஸ்பி காலத்திலிருந்தே இயங்குதளத்தில் உண்டு. திரைப்படம் ஓடும்போது கணினி உறங்காமல் இருப்பதும் அந்த வசதியால்தான். அவேக் அதே வேண்டுகோளை நம் சார்பில் வைக்கிறது. நேரம் முடிந்தாலோ கருவியை மூடினாலோ வேண்டுகோள் விலகிவிடும், கணினி பழையபடி தன் ஒழுங்குக்குத் திரும்பிவிடும். திரையை எரிய வைப்பதற்குத் தனியே ஒரு விசை இருக்கிறது. அதை அணைத்து வைத்தால் திரை அணைந்திருக்க, உள்ளே பதிவிறக்கம் மட்டும் நடந்துகொண்டிருக்கும். இரவு முழுக்கத் திரை எரிவதால் ஆகும் மின்செலவும் அறைக்குள் வெளிச்சமும் மிச்சம்.

இந்த இடத்தில் சோர்ன் சாஃப்ட்வேர் வெளியிட்ட காஃபின் என்ற பழைய கருவியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தும். அது நிறுவத் தேவையில்லாத மிகச் சிறிய நிரல். 59 வினாடிக்கு ஒரு முறை எஃப்15 என்ற விசையை யாரோ அழுத்தியதுபோல் கணினிக்குக் காட்டும். இன்றைய விசைப்பலகைகள் பெரும்பாலானவற்றில் அந்த விசையே இல்லை என்பதால் பொதுவாகத் தொந்தரவு எழாது. ஆனால் சில நிரல்கள் அந்த அழுத்தத்தை ஏதோ கட்டளையாக எடுத்துக்கொள்வதுண்டு. ஆளே இல்லாத கணினியில் ஆள் இருப்பதாக நம்ப வைக்கும் இந்த முறையில் திரைப் பூட்டும் விழாமல் போகக்கூடும். மதிப்பெண் பட்டியலும் மாணவர் விவரங்களும் இருக்கும் கணினியை இரவு முழுக்கப் பூட்டாமல் திறந்து வைப்பது எனக்கு ஏற்புடையதல்ல. மறுபுறம், பவர்டாய்ஸ் தொகுப்பு கனமானது. நமக்குத் தேவையான ஒரே ஒரு கருவிக்காக எத்தனையோ கருவிகள் அடங்கிய நூற்றுக்கணக்கான எம்பி நிறுவல் கோப்பை இறக்க வேண்டியிருக்கிறது. மெதுவான இணைப்பு உள்ளவர்களுக்கே இந்தக் கருவி அதிகம் பயன்படும் நிலையில், அவேக்கைத் தனியாகவும் வெளியிடலாம் என்பது என் வேண்டுகோள். விண்டோஸ் 10 இன் மிகப் பழைய பதிப்புகளில் பவர்டாய்ஸ் நிறுவ முடியாது என்பதும் நினைவில் இருக்க வேண்டியது. அங்கே காஃபின்தான் துணை.

அவேக்கின் மிகச் சிறந்த வசதி மெனுவில் இல்லை; கட்டளைச் சாளரத்தில் (கமாண்ட் பிராம்ப்ட்) இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஏதேனும் ஒரு நிரலின் செயலெண்ணை, அதாவது இயங்குதளம் அதற்குத் தரும் அடையாள எண்ணை (பிஐடி), கொடுத்து, அந்த நிரல் முடியும்வரை மட்டும் விழித்திரு என்று அவேக்கைப் பணிக்கலாம். இதனால் பதிவிறக்கம் எத்தனை மணிக்கு முடியும் என்று நாம் ஊகிக்க வேண்டிய தேவை நீங்குகிறது. உலாவியின் செயலெண்ணைக் கொடுத்துப் பயனில்லை, ஏனெனில் கோப்பு இறங்கி முடிந்தாலும் உலாவி திறந்தேதான் இருக்கும். விண்டோஸ் 10 இன் 2018 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இயங்குதளத்துடனேயே வரும் கர்ல் (curl) என்ற கட்டளைவழிக் கருவி இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. கோப்பு முழுவதும் இறங்கியதும் அது தானே முடிந்துவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரும் தேர்வும் அதில் உண்டு. கர்ல் ஒரு சாளரத்தில் ஓடும்போது, டாஸ்க் மேனேஜரின் விவரப் பகுதியில் அதன் செயலெண்ணைப் பார்த்து, இன்னொரு சாளரத்தில் அவேக்குக்குக் கொடுத்தால் போதும். அதிகாலை மூன்று மணிக்குக் கோப்பு முடிந்தால், வழக்கமான நேரம் கழித்துக் கணினி உறங்கப் போய்விடும். இந்த வசதியை ஒரு பொத்தானாக மெனுவில் வைக்காதது பெரிய குறை; கட்டளைச் சாளரத்தைக் கண்டாலே பின்வாங்கும் ஆசிரியர்கள் இதன் பயனை அறியாமலே இருக்கிறார்கள்.

இனி எல்லைகள். மடிக்கணினியின் மூடியை மூடினால் அவேக்கால் எதுவும் செய்ய இயலாது. கைபடாமல் இருப்பதால் வரும் உறக்கத்தை மட்டுமே அது தடுக்கிறது; மூடியை மூடுவதும் மின்விசையை அழுத்துவதும் பயனரே இட்ட கட்டளையாகக் கருதப்படும். மூடி வைத்தே இறக்க வேண்டுமானால் கண்ட்ரோல் பேனலின் மின் தேர்வுகளில், மின்சாரத்துடன் இணைந்திருக்கும்போது மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று தனியே அமைக்க வேண்டும். மூடி திறந்தே இருந்து திரை மட்டும் அணைந்திருப்பது நல்லது; வெப்பம் வெளியேறும். மெத்தைமேலும் போர்வைமேலும் வைக்காமல் மேசைமேல் வைக்க வேண்டும்.

அடுத்தது இந்த மலைப்பகுதியில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற புதுவகை உறக்க முறை கொண்ட மடிக்கணினிகள் பேட்டரியில் ஓடும்போது, இத்தகைய வேண்டுகோள்களை விண்டோஸ் முழுமையாக மதிப்பதில்லை. உறக்கத்துக்குரிய நேரம் கடந்து 5 நிமிடத்தில் வேண்டுகோளை நீக்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இங்கே மரக்கிளை விழுந்து இரவில் மின்சாரம் போவது சாதாரணம். மின்சாரம் போன நொடியே மடிக்கணினி பேட்டரிக்கு மாறும். அதன்பின் அவேக் இயங்கிக்கொண்டிருந்தாலும் கணினி உறங்கிவிடக்கூடும். உங்கள் கணினி எந்த வகை என்பதைக் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி (powercfg) என்ற கட்டளைக்குப்பின் ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஏ எழுத்தும் இட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அத்தகைய கணினி வைத்திருப்போர் மழை இரவுகளில் பேட்டரிக்கான உறக்க நேரத்தையும் கூட்டி வைக்க வேண்டியிருக்கும். ரவுட்டர் அணைந்துவிட்டால் கணினி விழித்திருந்தும் பயனில்லை என்பதால், கம்பம் நகரக் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்றை ரவுட்டருக்கு வாங்கி மாட்டுவது அவேக்குக்கு இணையான முதலீடு.

விண்டோஸ் புதுப்பிப்புக்குப்பின் வரும் மறுதொடக்கத்தையும் அவேக் தடுக்காது. புதுப்பிப்பை ஒரு வாரம் நிறுத்தி வைப்பதும், கணினி தானாக மறுதொடக்கம் ஆகக் கூடாத நேரத்தை அதிகபட்சமாக 18 மணிவரை குறிக்கக்கூடிய ‘ஆக்டிவ் அவர்ஸ்’ வசதியில் இரவையும் சேர்ப்பதும் இதற்குள்ள வழிகள்.

குமுளிச் சந்தைப் பகுதியில் கைபேசி ஹாட்ஸ்பாட் மூலம் இறக்குவோருக்கு இன்னொரு சொல். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோபுரங்கள் இருப்பதால் கைபேசி ஒருமுறை கேரளத்து அலைவரிசையையும் மறுமுறை தமிழ்நாட்டு அலைவரிசையையும் பிடிக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் தொடர்பு அறுந்து, ஓடிக்கொண்டிருக்கும் பதிவிறக்கமும் நின்றுபோகலாம். கணினி விழித்திருந்தும் கோப்பு நின்றுபோனால் அவேக்கைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். கைபேசியின் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கி நிலையிலிருந்து எடுத்துவிட்டு, வலுவாகக் கிடைக்கும் ஒன்றைக் கையால் தேர்ந்து நிறுத்துவது பெரும்பாலும் பலன் தருகிறது.

அவேக் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்த, நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையுடன் சாய்கோடு இட்டு ரிக்வெஸ்ட்ஸ் (requests) என்று கொடுக்க வேண்டும். உறங்க வேண்டாம் என்று கேட்டிருக்கும் நிரல்கள் அனைத்தும் பெயருடன் வரிசையாகத் தெரியும். சிஸ்டம் என்ற தலைப்பின்கீழ் அவேக்கின் பெயர் இருந்தால் நிம்மதியாகப் படுக்கலாம். டொரன்ட் வழியே இறக்குவோருக்கு இது எதுவும் தேவைப்படாமல் போகலாம், ஏனெனில் க்யூபிட்டொரன்ட் நிரலின் அமைப்புகளிலேயே பதிவிறக்கம் நடக்கும்போது உறக்கத்தைத் தடுக்கும் தேர்வு இருக்கிறது.

கைட் குனு லினக்ஸை இறக்கி நிறுவி முடித்த கணினிகளில் அவேக்குக்கு இடமில்லை. அங்கே சிஸ்டம்டி-இன்ஹிபிட் (systemd-inhibit) என்ற கட்டளை இயங்குதளத்துடனேயே வருகிறது; இறக்கும் கட்டளைக்கு முன்னால் அதை எழுதினால், அந்தக் கட்டளை முடியும்வரை கணினி உறங்காது. செயலெண்ணைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலைகூட இல்லை. அவேக்கின் அடுத்த பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவர வேண்டியது இந்த எளிமையைத்தான்.