செரோக்கி நாவலுக்கு யார் கண்: ஜான் ராஸா, மேஜர் ரிட்ஜா?

1830களின் செரோக்கி தேசத்தை, அதாவது அமெரிக்கப் பூர்வகுடி மக்களான செரோக்கிகளின் தேசத்தை, கதையாக்க உட்காருபவர், நிலத்தை விட மறுத்த தலைவர் ஜான் ராஸின் பக்கம் நிற்பதா, நிலத்தை விட்டு மேற்கே போக ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த மேஜர் ரிட்ஜின் பக்கம் நிற்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். உரையாடல் எந்த மொழியில் நடக்கிறது என்பதுகூட அதைப் பொறுத்தே மாறும்.

ராஸுக்குச் செரோக்கி இரத்தம் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அங்கே குலம் தாய்வழி. தாய் செரோக்கி, ஆகவே அவரும் செரோக்கியே. செரோக்கி மொழிப் பேச்சு சரளமில்லை, சபையில் அவர் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இறையாண்மை எப்படி இயங்கியது என்று காட்ட அவரே ஏற்றவர்: 1827 அரசியல் சட்டம், மனுக்கள், ஜார்ஜியாவின் சட்டம் செரோக்கி மண்ணில் செல்லாது என்ற 1832 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் மனுவும் காத்திருப்புமாகவே பக்கங்கள் போனால் கதை படுத்துவிடும். அதைத் தூக்கி நிறுத்த 1835 உதவும்: வாஷிங்டனிலிருந்து திரும்பினால், செரோக்கி நிலங்களைக் குலுக்கலில் பங்கிட்ட ஜார்ஜியாவின் லாட்டரியில் தன் வீட்டை வென்றவன் உள்ளே குடியிருக்கிறான்.

ரிட்ஜிடம் கதை தானாகவே திரள்கிறது. நல்ல செரோக்கிப் பேச்சாளர். ஆங்கிலத்துக்குத்தான் அவருக்குத் துணை வேண்டும். நிலத்தை விற்ற செரோக்கித் தலைவர் டபுள்ஹெட்டை 1807இல் கொன்றவர்களில் ஒருவர். தேசத்தின் அனுமதியின்றி நிலம் விற்பவருக்கான அந்த மரண தண்டனை 1829இல் எழுத்துச் சட்டமானது. அவரே 1835 டிசம்பர் 29 அன்று நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தில் 'எக்ஸ்' குறியிட்டார். 1839 ஜூன் 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். என் தேர்வு ரிட்ஜ்தான்.

அதில் ஒரு ஆபத்து உண்டு. அவர் உள்ளத்துக்குள்ளேயே இருந்தால், தேசத்தின் அனுமதியில்லாத கையெழுத்து தொலைநோக்காகத் தெரிய ஆரம்பிக்கும். அதனால் 15,000க்கு மேற்பட்ட பெயர்களோடு போன எதிர்ப்பு மனுவுக்கு முழு அத்தியாயம் கொடுங்கள். அமெரிக்க செனட்டில் ஒப்பந்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்; கிடைத்தது 31க்கு 15. ஆதரித்தவர்களில் ஒருவர் எதிர்த்து வாக்களித்திருந்தாலும் ஒப்பந்தம் விழுந்திருக்கும்.

இருவர் வீட்டிலும் கறுப்பின அடிமைகள் இருந்தார்கள். 1835 கணக்கெடுப்பில் தேசம் முழுக்க 1,592 பேர். 1838இல் வெளியேற்றப்பட்டு மேற்கே நடந்தவர்களில் அவர்களும் உண்டு. யாரைத் தேர்ந்தாலும், முதல் அத்தியாயத்திலேயே அந்த அடுப்படியில் நிற்பவருக்கு ஒரு பெயர் வையுங்கள்.