குன்னூர் வீட்டுக் கணப்பும் ஆண்டுதோறும் செய்யும் புகைபோக்கிப் பரிசோதனையும்

குன்னூரில் பழைய ஓட்டு வீடு வாங்குவோர் கூரையையும் மின் இணைப்பையும் பார்க்கும் அளவுக்குக் கணப்பைப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுப் புகைபோக்கி செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்டது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மாலைதோறும் தீ மூட்டுகிறோம். பல ஆண்டுகளாகத் தொழில்முறைப் பரிசோதனை செய்துவருவதால், அதில் எதற்குப் பணம் கொடுக்கலாம் என்பதைப் பகிர்கிறேன்.

முதலில் வந்தவர்கள் மேலிருந்து தூரிகையை விட்டு இழுத்து, சாக்கு நிறையக் கரி அள்ளிவிட்டுப் போனார்கள். உட்சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. இப்போது வருபவர் கோயம்புத்தூரில் உணவகப் புகைக்குழாய்களைப் பராமரிப்பவர். நீண்ட கம்பியின் முனையில் விளக்கும் கேமராவும் பொருத்தி, புகைவழி முழுவதையும் எங்கள் கண்முன்னே திரையில் காட்டிய பிறகுதான் தூரிகையையே எடுப்பார். அவரது பரிசோதனையில்தான் இரண்டு ஆபத்துகள் தெரியவந்தன. முதலாவது, புகைவழி வளையும் இடத்தில் தார் பூசியதுபோல் மினுங்கிய கருமை. கீழே படிந்திருந்த கரி சுரண்டியதும் பொடியாக உதிர, இது கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. புகையிலுள்ள நீராவியும் எரியாத எண்ணெய்ப் பொருள்களும் குளிர்ந்த சுவரில் படிந்து கிரியோசோட்டாக இறுகுவதால் இது உண்டாகிறது. தீப்பிடித்தால் புகைவழிக்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும்.

இரண்டாவது அதைவிடக் கவலை தந்தது. கணப்பில் புகை எழுப்பி, மேல்வாயைச் சற்று நேரம் அடைத்தபோது, பரணில் செங்கல் இடுக்கிலிருந்து புகை இழையாகக் கசிந்தது. அந்த இடுக்கிலிருந்து கையகலத் தொலைவில் மர உத்தரம். கொத்தனார் பழைய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையாலேயே பூசினார். பழைய செங்கல்லின் மேல் கடினமான சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தேங்கி, செங்கல்லே உதிரத் தொடங்கும்.

அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வெளியிடும் 211ஆம் எண் தரநிலை, பயன்பாட்டிலுள்ள புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்கச் சொல்கிறது; வீடு கைமாறும்போதும் தீ விபத்துக்குப் பிறகும் இன்னும் ஆழமான பரிசோதனை வேண்டும் என்கிறது. நம் மலையில் விறகின் ஈரத்தையும் கூடவே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மழைக்காலம் கடந்து வரும் சீகை (வாட்டில்), கற்பூர மர (யூகலிப்டஸ்) கட்டைகள் வெளியே உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். அவற்றைப் பிளந்து, புதிய முகத்தில் ஈரமானியின் ஊசிகளைக் குத்தி, 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால்தான் எரிக்கலாம் என்கிறார் பரிசோதிக்க வருபவர். அந்தப் பழக்கம் வந்தபின் படிவு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

குறை என்று சொன்னால் பயணச் செலவுதான். மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் தேதியும் தள்ளிப்போகும். எல்லோரும் டிசம்பரில் அழைக்க, நாங்கள் மார்ச் மாதத்துக்கு மாற்றிக்கொண்டோம். கரியோடு மழை ஈரமும் சேர்ந்து காரையை அரிக்கும் முன்பே சுத்தமாகிவிடுகிறது, சுண்ணாம்புப் பூச்சு காயவும் வெயில் கிடைக்கிறது. குளிர் தொடங்கும் முன் பறவைக் கூடு அடைத்திருக்கிறதா என்று மட்டும் மீண்டும் பார்த்துக்கொள்கிறோம். அடைபட்ட புகைவழி, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை அறைக்குள்ளேயே திருப்பிவிடும். அதற்கான எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறையிலும் மாட்டியிருக்கிறோம்.

அழைப்பவர்கள் கேமராப் பதிவையும் எழுத்துப்பூர்வ அறிக்கையையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்களிடமுள்ள அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில்தான், மேல்மூடியின் துரு ஒவ்வோர் ஆண்டும் பரவுவது தெரிந்தது. இந்தக் குளிருக்கு முன் துருப்பிடிக்காத எஃகு மூடியைப் பொருத்தவிருக்கிறோம்.