சுவருக்குள் பதித்த கணப்பு: ஏழு குளிர்காலம் கழித்து

எங்கள் கூடத்துச் சுவரில் விறகுக் கணப்பு வைத்து ஏழு குளிர்காலம் ஆகிறது. முதல் மூன்று ஒரு கணப்போடு போயின, அடுத்த நான்கு வேறொன்றோடு. சுவருக்குள் பதித்ததை மாற்றுவது என்றால் சுவரையே உடைக்க வேண்டும். வாங்கப்போகும் யாருக்கும் அந்த வேலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது 14 கிலோவாட் வெப்பம் தரும் கணப்பு. கூடமோ 40 சதுர மீட்டர்தான். "பெரிசா வாங்கிக்கோங்க, வேண்டாதப்ப குறைச்சு எரிச்சுக்கலாம்" என்றார் விற்றவர். நாங்களும் சரி என்றோம். அரை மணி நேரத்தில் கூடத்தில் உட்கார முடியாத சூடு வந்துவிடும். உடனே காற்று வழியை மூடுவோம். காற்று போதாத விறகு எரியாமல் புகையும். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்கத் தார் பூசியதுபோல் கறுத்திருக்கும்.

கண்ணாடியைத் துடைத்துவிடலாம். அதே பிசின் புகைபோக்கிக்குள்ளும் படிவது நம் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் ஆண்டு புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர், உள்ளிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து என் கையில் வைத்தார். கண்ணாடிபோலப் பளபளத்தது, கன்னங்கரேல் என்றிருந்தது. கிரியோசோட் என்றார், அதாவது சரியாக எரியாத புகை படிந்து இறுகிய தார். அது பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறலாம். அன்றோடு அந்தக் கணப்பை நிறுத்திவிட்டோம்.

இப்போது இருப்பது 5 கிலோவாட். சூடு வெளியேறாமல் தடுக்கும் வெப்பக் காப்பு ஓரளவு உள்ள வீட்டில் 10 சதுர மீட்டருக்கு 1 கிலோவாட் என்பது பொதுவான கணக்கு. காப்பு நன்றாக இருந்தால் அதற்கும் குறைவாகப் போதும். நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கிறது. கதவு மூடிய நல்ல கணப்பு அதில் முக்கால் பங்குக்கு மேல் அறைக்குத் தரும். மணிக்கு ஒன்றரை கிலோ போட்டால் எங்களுக்குப் போதும், அதுவும் காற்றை அடைக்காமல் நன்றாக எரியவிட்டே. நான்கு ஆண்டில் கண்ணாடி ஒருநாளும் முழுக்கக் கறுத்ததில்லை. கதவில்லாத பழைய வகைக் கணப்பில் பெரும்பகுதிச் சூடு புகையோடு மேலே போய்விடும். அழகுக்கு வைக்கலாம், வீட்டைச் சூடாக்க அது ஆகாது.

அப்புறம் விறகு. கணப்பைத் தேர்வு செய்ய எவ்வளவு அலைந்தோமோ அவ்வளவு இதற்கும் அலைய வேண்டும். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கும். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் எரிக்கலாம். பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட அடுக்கினால் ஒன்று முதல் இரண்டு ஆண்டு பிடிக்கும். ஈரமானியை விறகின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்ப்பது வீண். ஒன்றைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். கருவி இல்லையென்றால் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று அடங்கிவிடும்.

பற்றவைப்பதையும் மாற்றிக்கொண்டோம். பெரிய கட்டைகள் அடியில், சுள்ளிகள் மேலே, தீ உச்சியில். மேலிருந்து கீழே எரிந்து வரும்போது புகை நன்றாகக் குறைகிறது.

சமையலறையில் புகையை இழுக்கும் விசிறி ஓடினால் கணப்புப் புகை அறைக்குள் திரும்பிவிடும். முதல் கணப்பில் இது அடிக்கடி நடந்தது. இரண்டாவதற்கு வெளியிலிருந்து நேரே காற்று வரும் குழாய் வைத்தோம், தொல்லை நின்றது. ஆனாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் யாரும் கணப்பு வைக்காதீர்கள். அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

பராமரிப்பு பெரிதாக இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை புகைபோக்கி சுத்தம். கணப்புக் கதவின் இடுக்கை அடைக்க அதைச் சுற்றிப் பதித்திருக்கும் கயிறு மூன்றாம் ஆண்டில் தளர்ந்தது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடினேன், இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. புதுக் கயிறு போட்டபின் தாள் அசையவில்லை. சாம்பலை மட்டும் மூடியுள்ள இரும்பு வாளியில்தான் அள்ளுவோம். ஒருநாள் கழிந்தும் அதற்குள் தணல் உயிரோடு இருக்கும்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. கூடத்துச் சூடு பின்னறைகளுக்குப் போவதில்லை. கணப்புக்கு மேலிருந்து சூடான காற்றைக் குழாய் வழியாக அங்கே கொண்டுபோகலாம் என்று, சுவரைப் பூசி முடித்த பிறகுதான் தெரிந்தது. திரும்பவும் உடைக்க மனம் வரவில்லை. இரவில் அறைக் கதவுகளைத் திறந்தே வைத்துவிட்டுத் தூங்குகிறோம்.