ஃபிளாஷ்ஃபூட் செயலி: உணவு வங்கியை நம்பி வாழும் ஒரு வீட்டின் மதிப்பீடு

ரொறன்ரோவில் சமூக உதவிப் பணத்தையும், இலவசமாக உணவு வழங்கும் உணவு வங்கியையும் நம்பிக் குடும்பம் நடத்துபவர்களுக்கு, திகதி நெருங்கிய கடை உணவைக் குறைந்த விலையில் விற்கும் ஃபிளாஷ்ஃபூட் என்னும் கைத்தொலைபேசிச் செயலி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதே இங்கே என் கேள்வி. இச்செயலியைப் பற்றி வரும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை, மாதச் சம்பளம் உள்ள ஒருவர் தமது உணவுச் செலவில் சிறிது மிச்சம் பிடிப்பதையே பேசுகின்றன. ஸ்காபரோவில் வாழும் எங்கள் வீட்டின் கணக்கு வேறு. மிச்சம் பிடிப்பதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. மாதத்தின் கடைசி வாரத்தில் பிள்ளைகளின் தட்டில் பாலும் முட்டையும் மரக்கறியும் இருக்குமா என்பதை வைத்தே ஒரு சேவையை நாங்கள் அளக்க வேண்டியிருக்கிறது.

நிலைமையை அறியாதவர்களுக்காகச் சில எண்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோ வேர்க்ஸ் எனப்படும் மாகாண உதவித் திட்டத்தில் தனியொருவருக்கு மாதம் 733 டொலர் கிடைக்கும். அதில் 390 டொலர் வாடகைக்கும் 343 டொலர் ஏனைய எல்லாவற்றுக்குமாக வகுக்கப்பட்டுள்ளது. இந்தத் தொகை 2018இல் இருந்து ஏறவில்லை. ரொறன்ரோவில் ஓர் அறை வாடகைக்கே அந்த 390 டொலர் போதாது என்பதால், உணவுக்கென்று ஒதுக்கியதும் வாடகைக்கே போய்விடுகிறது. 2023 ஏப்ரல் தொடக்கம் 2024 மார்ச் வரையான ஓர் ஆண்டில் இந்நகரத்து உணவு வங்கிகளுக்கு ஏறத்தாழ 35 இலட்சம் வருகைகள் பதிவாயின. இதே கனடாவில் உற்பத்தியாகும் உணவில் ஏறக்குறைய 46 வீதம் இழக்கப்படுகிறது அல்லது வீசப்படுகிறது என்று, மிஞ்சும் உணவை மீட்டுப் பகிரும் செகண்ட் ஹார்வெஸ்ட் அமைப்பு 2024இல் அறிவித்தது. வரிசையில் நிற்பவருக்கும் குப்பைத்தொட்டிக்குப் போகும் உணவுக்கும் இடையில் எத்தனை வழிகள் திறக்கப்பட்டாலும் அவை நல்லவையே. ஃபிளாஷ்ஃபூட் அவற்றுள் ஒன்று.

2016இல் ரொறன்ரோவில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், லொப்லோ என்னும் பெரிய மளிகைக்கடைக் குழுமத்தின் நோ ஃபிரில்ஸ், ரியல் கனேடியன் சூப்பர்ஸ்டோர் போன்ற கடைகளுடன் இணைந்து இயங்குகிறது. அச்சிட்ட திகதியை நெருங்கும் இறைச்சி, பால், தயிர், பாண், மரக்கறி முதலியவற்றைக் கடை ஊழியர்கள் செயலியில் ஏற்றுவார்கள். நாம் நமக்கு அருகிலுள்ள கடையைத் தெரிவுசெய்து, பொருளின் விலையையும் அதில் அச்சிட்ட திகதியையும் பார்த்து, செயலியிலேயே பணம் செலுத்திவிட வேண்டும். பிறகு கடைக்குச் சென்று, பெரும்பாலும் வாசலுக்கு அண்மையில் இருக்கும் தனிக் குளிர்சாதனப் பெட்டியிலோ தட்டிலோ இருந்து எடுத்து, ஊழியரிடம் திரையைக் காட்டி உறுதிசெய்துகொண்டு வரலாம். விலைக் கழிவு வழமையான விலையின் பாதி வரை போகும். செயலி எளிமையானது. ஆங்கிலம் அதிகம் வாசிக்க இயலாதவர்களும் படங்களையும் எண்களையும் வைத்துச் சமாளிக்கலாம்.

எங்கள் அனுபவத்தில் இச்செயலியின் உண்மையான பலம் இறைச்சியிலும் பாற்பொருட்களிலும் இருக்கிறது. உணவு வங்கியில் கிடைப்பவற்றில் நெடுநாள் வைத்திருக்கக்கூடிய பொருட்களின் பங்கு அதிகம். அரிசி, பாஸ்தா, டின்னில் அடைத்த கடலை, அவரை, டின் மீன் என்று வீட்டில் ஓர் அடித்தளம் அமைந்துவிடும். முட்டை, பால், மரக்கறி ஆகியன அங்கே கிடைக்கும் நாட்களும் உண்டு. கிடைக்காத நாட்களும் உண்டு. அந்த இடைவெளியை நிரப்பச் செயலி பொருத்தமானது. பாதி விலையில் வாங்கிய கோழியை அன்றைக்கே துண்டாக்கி, ஒரு நேரக் கறிக்கு வேண்டிய அளவில் பிரித்து உறைய வைத்துவிட்டால் அதன் திகதியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பெரிய வாளித் தயிர் கிடைத்தால் முதல் இரண்டு நாட்களுக்குச் சோற்றோடும், புளிக்கத் தொடங்கியதும் மோராகவும் மோர்க்குழம்பாகவும் அது முழுவதும் தீர்ந்துவிடும். புளித்த தயிருக்குப் பயன் கண்ட சமையல் நம்முடையது என்பதால், இப்பொருளில் தமிழ் வீடுகளுக்கு மற்றவர்களைவிட ஆதாயம் அதிகம் என்றே நினைக்கிறேன்.

மரக்கறிப் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இச்செயலியின் பெயர் பரவியதே அதனால்தான். 5 டொலரை ஒட்டிய விலையில் ஒரு பெரிய பெட்டி நிறையப் பழங்களும் மரக்கறிகளும் கிடைக்கின்றன. உருளைக்கிழங்கு, கரட், தக்காளி, குடைமிளகாய், அப்பிள், வாழைப்பழம், சில வேளை ஒரு கோவா என்று கலந்திருக்கும். அடியில் என்ன இருக்கிறது என்பது படத்தில் தெரியாது. ஆகையால் வீட்டுக்கு வந்தவுடன் பெட்டியைக் கவிழ்த்துப் பிரிப்பதுதான் முதல் வேலை. கன்றிய தக்காளி அன்றிரவே சொதிக்கும் ரசத்துக்கும் போக வேண்டும். குடைமிளகாயை வெங்காயத்தோடு வதக்கி வைத்துவிடலாம். கோவாவும் கரட்டும் சில நாள் பொறுக்கும் என்பதால் அவற்றை வறைக்கும் சம்பலுக்கும் பின்போடலாம். தோல் கறுத்த வாழைப்பழத்தை உரித்து உறைய வைத்தால் பிள்ளைகளுக்குப் பாலோடு அடித்துக் கொடுக்க உதவும். இவ்வளவையும் அன்றே செய்ய ஒருவருக்கு நேரமும் உடல் தெம்பும் இருந்தால், நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இதைவிட மலிவாக மரக்கறி கிடைக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு வேலைகளுக்கு ஓடும் ஒருவரோ தனியே வாழும் முதியவரோ இதை வாங்கினால், கடையில் வீசப்பட வேண்டியது அவருடைய வீட்டில் வீசப்படும். விரயம் குறைந்ததாகக் கணக்கில் வரும், உண்மையில் குறைந்திராது.

திகதியைப் பற்றிய பயம் நம்மவர்களிடம் அதிகம். கனடாவில் 90 நாட்களுக்குள் தன் தரத்தை இழக்கும் பொதிசெய்த உணவுகளில் 'பெஸ்ட் பிஃபோர்' திகதி இடுவது கட்டாயம். திறக்காத பொதி, முறையாகப் பேணப்பட்டால், அந்த நாள் வரை தன் சுவையையும் புதுமையையும் காக்கும் என்பதற்கே அத்திகதி. அது கடந்தபின் விற்பதற்கோ உண்பதற்கோ சட்டத் தடை எதுவும் இல்லை. பயன்படுத்தவே கூடாது என்னும் காலாவதித் திகதி, குழந்தைகளுக்கான பால்மா, உணவுக்கு ஈடாக அருந்தும் பானங்கள் போன்ற ஐந்தே வகைப் பொருட்களுக்கு உரியது. இந்த வேறுபாட்டை அறிந்தவர் செயலியில் வரும் சீஸ், தயிர், பாண் ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். குளிர்ச்சி குலையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் கவனம் வேண்டும். குறிப்பாகக் கோடையில் பஸ்ஸில் வருபவர்கள் குளிர்காக்கும் பை ஒன்றைக் கையில் எடுத்துச் செல்வது நல்லது.

டென்மார்க்கில் தொடங்கி 2021இல் ரொறன்ரோவுக்கு வந்த டூ குட் டு கோ என்னும் செயலியோடு இதை ஒப்பிடுபவர்கள் உண்டு. அதில் பேக்கரிகளும் உணவகங்களும் கடைகளும் மிஞ்சியதை ஒரு பையில் இட்டு விற்கும். உள்ளே இருப்பதை வாங்கியவர் பையைத் திறந்த பின்புதான் அறிவார். மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ உண்ணாத வீட்டுக்கும், வெள்ளிக்கிழமைகளில் சைவம் காக்கும் வீட்டுக்கும், ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கும் அது சரிவராது. எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பணத்தில், உண்ண முடியாத ஒன்று வந்துவிட்டால் அன்றைய உணவே போய்விடும். ஃபிளாஷ்ஃபூட்டில், பெட்டி தவிர்ந்த ஏனைய பொருட்களை இன்னதென்று அறிந்தே வாங்குகிறோம். வறுமையில் இருப்பவருக்குத் தெரிவு செய்யும் உரிமை ஆடம்பரம் அன்று. உணவு வங்கிகளுள்ளும் பல இன்று பொதிகட்டிக் கொடுப்பதை விட்டு, வருபவரே தட்டுகளில் இருந்து எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாறியிருப்பதற்குக் காரணமும் இதுவே.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, இங்கே பணத்தாள் செல்லாது. வங்கி அட்டையும் இணைய இணைப்புள்ள கைத்தொலைபேசியும் இல்லாதவருக்கு இந்தக் கதவு மூடியதுதான். அவர்களே பெரும்பாலும் மிகவும் தேவையுள்ளவர்கள். அமெரிக்காவில் இச்செயலியோடு இணைந்த சில கடைகளில் அரசு வழங்கும் ஸ்னாப் உணவு உதவி அட்டையைக் கொண்டே பணம் செலுத்த முடிகிறது. கனடாவில் உணவுக்கென்று அப்படி ஒரு தனி அட்டை இல்லை, உதவி பணமாகவே வருகிறது என்பதால் இங்கே அந்த ஏற்பாட்டுக்கு இடமில்லாமற் போயிற்று. இரண்டாவது, நல்ல பொருட்கள் ஏற்றிய சிறிது நேரத்திலேயே விற்றுவிடும். திரையை அடிக்கடி பார்க்க முடிந்தவருக்கே அவை கிட்டும். மூன்றாவது, கடைக்குப் போகும் செலவு. 5 டொலர் மிச்சம் பிடிக்கப் பஸ்ஸுக்குப் பணம் கொடுத்தால் ஆதாயம் கரைந்துவிடும். பிரெஸ்டோ என்னும் பயணக் கட்டண அட்டையில் ஒருமுறை செலுத்தினால் இரண்டு மணித்தியாலம் வரை பயணம் செய்யலாம் என்பதால், அந்நேரத்துக்குள் போய்த் திரும்பினால் ஒரு கட்டணம் போதும். சமூக உதவி பெறுவோர் நகரசபையின் ஃபெயர் பாஸ் என்னும் பயணக் கட்டணச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம்; நம்மவர்களில் பலர் இதை அறியாமல் முழுக் கட்டணம் கொடுத்து வருகிறார்கள்.

விலையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. உயர்ந்த விலைப் பொருளில் பாதி கழித்தாலும், அந்த வாரத்து விளம்பரத்தாளில் வேறொரு கடை தரும் விலையைவிட அது அதிகமாக இருக்கலாம். 'பாதி விலை' என்ற குறிப்பைப் பார்க்காமல், கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தே நாங்கள் முடிவு செய்கிறோம். கடைகளின் கழிவு நிலையானது என்றும் எண்ண வேண்டாம். 2024 ஜனவரியில் லொப்லோ குழுமம், திகதி நெருங்கிய பொருட்களுக்குக் கடைத்தட்டில் கொடுத்துவந்த 50 வீதக் கழிவை 30 வீதமாகக் குறைக்க முற்பட்டது. மக்களிடம் எழுந்த கோபத்தைக் கண்டு சில நாட்களிலேயே அம்முடிவைக் கைவிட்டது. அந்தச் சிறு வெற்றி எனக்கு ஆறுதல் அளித்தது. ஆயினும் எங்கள் பிள்ளைகளின் பால் ஒரு வணிக நிறுவனத்தின் மனமாற்றத்தில் தங்கியிருக்கிறது என்பதையும் அதுவே காட்டியது.

நல்ல வருமானம் உள்ளவர்கள் இச்செயலியில் வாங்குவது ஏழைகளின் பங்கைப் பறிப்பதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். எல்லாப் பொருட்களுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. திகதி முடியும் நாள் மாலையிலும் திரையில் நிற்கும் பொருளை எவர் வாங்கினாலும் நன்மையே. வாங்காவிட்டால் அது குப்பைக்குப் போகக்கூடும். மரக்கறிப் பெட்டி அப்படியல்ல. வருமானம் குறைந்த குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் அதைக் காலையிலேயே காரில் வந்து அள்ளிச் செல்பவர்கள் சற்றுப் பொறுத்து, மாலையில் மிஞ்சினால் வாங்கலாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். கடைகளும் விற்காமல் நின்றவற்றைக் கடைசி நாளுக்கு முன்பே உணவு வங்கிக்குத் திருப்பிவிட வேண்டும். நன்மனத்தோடு உணவு கொடுப்பவரைச் சட்டப் பொறுப்பிலிருந்து காக்கும் சட்டம் ஒன்ராறியோவில் 1994 முதல் இருக்கிறது. வழக்கு வந்துவிடும் என்று சொல்லி உணவைக் கொட்டுவதற்கு இங்கே நியாயம் இல்லை.

விலையில் அளக்க முடியாத ஒன்றும் உண்டு. உணவு வங்கியில் என்னை யாரும் அவமதித்ததில்லை. அங்கே பணியாற்றும் தொண்டர்கள் அன்பானவர்கள். வரிசையில் நிற்பது வெட்கப்பட வேண்டிய செயலும் அன்று. இருந்தும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், அங்கே வந்திருக்கும் எல்லோரையும் போல ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியேறுவதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. எங்கள் வருமானம் எவ்வளவு என்று அங்கே எவரும் கேட்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, உணவு வங்கிக்குப் போகக் கூசி அரைவயிற்றோடு இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்செயலியை நான் முதலில் சொல்வேன். கூச்சம் தணிந்ததும் உணவு வங்கியிலும் பதிந்துகொள்ளுங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். ஏனெனில் பாதி விலையும் விலைதான். கையில் ஒன்றுமே இல்லாத வாரத்தில் இச்செயலி எவ்வகையிலும் உதவாது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அட்டையும் தொலைபேசியும் இல்லாதவரை வெளியே நிறுத்துவதற்காகவே ஒன்றைக் குறைத்தேன். மேலும், இச்செயலியில் நான் தேடியும் காணாதவை நம்முடைய தமிழ்க் கடைகள். வாடத் தொடங்கிய முருங்கைக்காயையும் கத்தரிக்காயையும் பையில் கட்டி வாசலில் மலிவாக வைக்கும் வழக்கம் அவற்றுள் சிலவற்றில் ஏற்கெனவே உண்டு. பணத்தாளையும் அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். எந்த நாள் எந்த நேரத்தில் அந்தப் பைகள் வெளியே வரும் என்பதைக் கடைக் கண்ணாடியில் ஒரு தாளில் எழுதி ஒட்டினாலே, செயலி எட்டாத முதியவர்கள் அந்நேரத்துக்கு நடந்து வந்து வாங்கிச் செல்வார்கள்.