மொபைல் ரேக் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் ஃபேனைப் பார்த்து வாங்குங்கள்

ஏற்காட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "உங்க கம்ப்யூட்டர்ல முன்பக்கமே ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி எடுக்கறீங்களே, அது நல்லாயிருக்கா? நானும் ஒண்ணு போட்டுக்கலாமா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. அவர் கேட்டது மொபைல் ரேக்கைப் பற்றி, அதாவது கேபினெட்டைத் திறக்காமலே டிஸ்க் மாற்ற உதவும் கூண்டு. அந்த ரேக்கைச் சர்வீஸ் செய்து அன்றைக்குத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதனால் போனில் நான் சொன்னதில் பாதி கோபம். நிதானமாக எழுதினால்தான் அந்தப் பொருளுக்கும் நியாயம், அவருக்கும் உபயோகம்.

என்னிடம் இருப்பது டிவிடி டிரைவ் இருந்த 5.25 இன்ச் இடத்தில் உட்காரும் ரேக். டிரே கிடையாது. 3.5 இன்ச் டிஸ்க்கை அப்படியே உள்ளே தள்ளிக் கதவை மூடினால் சரி. சேலத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். ஆவணி, தை மாதங்களில் முகூர்த்தம் அடுத்தடுத்து வரும்போது ஒரு கல்யாணத்துக்கே சில நூறு ஜிபி சேர்ந்துவிடும். சீசனுக்கு ஒரு டிஸ்க் என்று பிரித்து வைத்திருக்கிறேன். ரெண்டு வருஷம் கழித்து ஒரு குடும்பம் வந்து, "அப்பா இப்போ இல்லைங்க, அவர் ரிசப்ஷன்ல பேசினது மட்டும் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். அந்த டிஸ்க்கை எடுத்து மாட்டி, அந்தக் குரல் வருகிற வரைக்கும் எனக்கு வேறு வேலை ஓடாது. ஆகவே டிஸ்க் மாட்டுவது என்பது எனக்கு விளையாட்டுக் காரியமில்லை.

ரேக் வருவதற்கு முன்பு ஒவ்வொரு தடவையும் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைப் பிடுங்கி அடுத்த டிஸ்க்கில் மாட்டுவேன். அந்தக் கேபிள் கனெக்டர் அதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. கேபினெட்டுக்கு உள்ளே மாட்டும் சாட்டா கேபிளுக்குத் தர வரையறையில் சொல்லியிருப்பது 50 தடவை மாட்டிக் கழற்றுவதுதான். ரேக்கின் பின்னால் இருக்கும் போர்டு கனெக்டருக்கு 500. கேபிள் தளர்ந்துபோனால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 199-ஆம் எண்ணுக்கு எதிரே சிஆர்சி பிழைக் கணக்கு, அதாவது கேபிள் வழியில் தகவல் சிதைந்த கணக்கு, ஏற ஆரம்பிக்கும். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும், வழியில்தான் கோளாறு. அந்தக் கணக்கு ஏறுமே தவிர என்றைக்கும் இறங்காது. என் பழைய டிஸ்க்குகள் ரெண்டில் அது தழும்பாக நின்றுவிட்டது. ரேக் மாட்டியதிலிருந்து எந்த டிஸ்க்கிலும் அந்த எண் நகரவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அதற்கு முழு மார்க் போடலாம்.

டிஸ்க்கை மேஜைமேல் சொருகி யூஎஸ்பி வழியாக இணைக்கும் டாக் போதாதா என்று நண்பரும் கேட்டார். டாக் கெட்டதில்லை. ஆனால் அதற்குத் தனி அடாப்டர் வேண்டும், அது பெரும்பாலும் யூபிஎஸ்ஸில் இல்லாத பிளக்கில்தான் போய் உட்காரும். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டே இருக்கும், டிஸ்க் மட்டும் பாதியில் அணைந்துவிடும். ரேக்கில் கம்ப்யூட்டருக்கு வரும் கரண்ட்தான் டிஸ்க்குக்கும். இன்னொன்று, டாக்கில் டிஸ்க் மேஜைமேல் செங்குத்தாக நிற்கிறது. ஓடுகிற டிஸ்க்கில் குழந்தையின் கை பட்டால் கதை முடிந்தது.

நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷமும் கிடைத்தது. வெளியில் வைக்கும் டிஸ்க் ஒன்றின் பெட்டியில் யூஎஸ்பி போர்டு போய்விட, பிரித்து உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்தேன். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா பவரில் மாட்டினால் சுற்றவே இல்லை. செத்துவிட்டது என்றே நினைக்க வைக்கும். ரேக்கில் தள்ளியதும் சுற்ற ஆரம்பித்துவிட்டது! விஷயம் இதுதான்: 2016-இல் வந்த சாட்டா தர வரையறையின் 3.3 பதிப்பில் பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னுக்கு, டிஸ்க்கை அணைத்து வைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். பழைய எஸ்எம்பிஎஸ் அதே பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். டிஸ்க் அதை 'அணைந்தே இரு' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். என் ரேக் கரண்ட் வாங்குவது மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் பவர் கனெக்டரிலிருந்து. மோலெக்ஸில் 5, 12 வோல்ட் மட்டும்தான், 3.3 கிடையாது. அதனால் டிஸ்க் தப்பித்தது.

இனி ஃபேன்.

ரேக்கின் பின்பக்கம் 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று. சின்ன ஃபேன் போதுமான காற்றைத் தள்ள வேண்டுமானால் வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும், அதனால் சத்தம் எப்போதும் மெல்லிய கீச்சுக் குரல். புதிதில் பொறுத்துக்கொள்ளலாம். பேரிங்கில் எண்ணெய் காய்ந்து தூசியும் ஏறியபிறகு, காதோரம் கொசு சுற்றுவது போல நாள் முழுக்க. நான் ஆடியோ மிக்ஸ் செய்கிறவன். நாதஸ்வரத்துக்கும் கெட்டிமேளத்துக்கும் அடியில் மெதுவாக வரும் பேச்சைப் பிரித்தெடுக்கும்போது இந்தக் கீச்சு குறுக்கே வந்தால் என்ன செய்வது?

சரி, பிடுங்கிவிடலாமே என்றால் சேலத்து வெயில் விடாது. சித்திரை மத்தியானத்தில் ஏசி இல்லாத அறையில், ஃபேன் இல்லாமல் பெரிய காப்பி ஒன்று ஓட்டிப் பார்த்தேன். டிஸ்க் சூடு 54 டிகிரிக்குப் போய்விட்டது. பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 60 வரை அனுமதி உண்டு என்றாலும், கல்யாண டிஸ்க்கை அந்த ஓரத்தில் நிறுத்த எனக்கு மனசு வராது. ஃபேன் ஓடினால் 44, 45-இல் நிற்கிறது. ஆக, அது வேண்டும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்கு சுவிட்ச் இல்லை. டிஸ்க் இல்லாமல் ரேக் காலியாக இருந்தாலும் சுற்றும். காலியாக இருக்கும்போது முன்கதவு இடுக்கு வழியாகத் தெருத் தூசியை உள்ளே இழுத்து நேராகக் கனெக்டர்மேல் படிய வைக்கும். ஒவ்வொரு டிஸ்க்கையும் தள்ளுவதற்கு முன்பு, கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் புளோயரை உள்ளே நீட்டி நாலு தடவை ஊதுகிறேன். மெல்லிய சாம்பல் பொடியாகத் தூசி வெளியே வரும். எதைப் பாதுகாக்க அந்த ஃபேன் இருக்கிறதோ அதற்கே அது பகை.

கடைசியாக, முறுக்கிக்கொண்டு நின்றே போனது. மாற்றலாம் என்று திறந்தால் ஃபேன் ஒயர் ரெண்டும் போர்டில் நேராக ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறது. பிளக் கிடையாது. ஐந்து ரோடு பக்கம் எனக்குப் பழக்கமான சர்வீஸ்காரத் தம்பியிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்குன்னு ஸ்பேர் எல்லாம் வராதுங்க. ஒயரை வெட்டி ரெண்டு பின் சாக்கெட் வச்சிடறேன், அடுத்த தடவை நீங்களே மாத்திக்கலாம்" என்றார். பால் பேரிங் ஃபேன் ஒன்றையும் தேடிப் போட்டுக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. அந்தத் தம்பி அரை மணியில் செய்ததை ஃபேக்டரியில் செய்ய என்ன கேடு? ரேக்கின் முன்னால் பூட்டு வைத்து ரெண்டு சாவி கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சாவியை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. பூட்டுக்குச் செலவழித்த காசில் ஒரு சுவிட்சும் ஒரு சாக்கெட்டும் வைத்திருக்கலாம். இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மற்றபடி நண்பருக்குச் சில விஷயங்கள். வாங்கும் முன் கேபினெட்டைப் பாருங்கள். இப்போது வரும் கண்ணாடி முகப்பு கேபினெட்டுகள் பலவற்றில் 5.25 இன்ச் இடமே இல்லை. பழைய கேபினெட் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் திறக்கும் பயாஸ் செட்டிங்கில், சாட்டா டிஸ்க்குகளுக்கு ஏஹெச்சிஐ என்ற முறை இருக்க வேண்டும், ரேக் மாட்டிய போர்ட்டுக்கு ஹாட் பிளக் (ஓடும்போதே டிஸ்க் மாற்றும் வசதி) ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரை அணைத்துத்தான் டிஸ்க் மாற்ற முடியும். ஸ்கிரீனில் 'எடுக்கலாம்' என்று வந்ததும் இழுத்துவிடாதீர்கள். கதவை மட்டும் திறந்து, டிஸ்க்கை ஒரு விரல் தூரம் வெளியே நகர்த்திவிட்டு நில்லுங்கள். உள்ளே தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால், லேசாகச் சாய்த்துப் பார்க்கும்போது டிஸ்க் கைக்கு எதிராகத் திமிறும், அது தெளிவாகத் தெரியும். அந்தத் திமிறல் அடங்கியபிறகு எடுங்கள்.

உங்கள் ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரம், டிஸ்க்குக்கு அது ஒன்றுமே இல்லை. சாதாரணமாக 3,000 மீட்டர் வரை ஓடும் என்றே எழுதியிருப்பார்கள். பனிதான் பிரச்சினை. மார்கழியில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு டிஸ்க் கொண்டுவந்தால், பையிலிருந்து எடுத்ததும் மாட்டாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் சமவெளிக் காற்றின் ஈரம் படியும். டப்பாவை மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்திருந்து அப்புறம் மாட்டுங்கள். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

முடிவாகக் கேட்டால், நான் வைத்திருக்கும் இந்த மாடலை வாங்காதீர்கள். இத்தனை பாராட்டியபிறகு இப்படிச் சொல்வது முரண்தான், ஆனாலும் அந்த ஃபேனோடு இன்னொருவர் மல்லுக்கட்டுவதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். என்னுடையதைக் கழற்றவும் மாட்டேன். ஃபேனுக்குச் சுவிட்சும் பிளக்கும் உள்ள மாடல் கண்ணில் பட்டால் ரெண்டாக வாங்கிவிடுங்கள், ஒன்றுக்கு நான் காசு தருகிறேன்.