புதிய ஃப்ளூ வந்தால் எதை நம்புவது: மாத்திரையா, முட்டைத் தடுப்பூசியா, எம்ஆர்என்ஏவா?

புதிதாக ஒரு ஃப்ளூ வைரஸ் கிளம்பினால், எது எத்தனை மாதத்தில் கைக்கு வரும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 2009 பன்றிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வைரஸை அடையாளம் கண்டார்கள். அமெரிக்காவில் தடுப்பூசி போட ஆரம்பித்தது அக்டோபரில். அந்த மாதக் கடைசியிலேயே அங்கே இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்டுவிட்டது. நம் நாட்டில் தயாரான தடுப்பூசிகள் வந்தது 2010 ஜூன், ஜூலையில். ஆகஸ்ட் 10 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று முடிந்ததாகவே அறிவித்துவிட்டது.

ஆக, முதல் ஆறு மாதம் மாத்திரைதான் கதி. ஓசல்டாமிவிர், அதாவது டாமிஃப்ளூ, அப்போது கையில் இருந்தது. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கும் ஷிகிமிக் அமிலம்தான் அதன் முக்கிய மூலப்பொருள். இந்திய நிறுவனங்களே மலிவாகத் தயாரித்தன. ஆனால் காய்ச்சல் வந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அப்படியும் பெரியவர்களுக்கு அறிகுறிகள் ஒரு நாளுக்கும் குறைவாகவே சுருங்குகின்றன என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2014 ஆய்வு சொன்னது. வைரஸ் மருந்தையே எதிர்த்துத் தாக்குப்பிடிக்கும் திறன் இன்னொரு கவலை. 2008-09 குளிர்காலத்தில் அமெரிக்காவில் பரவிய பழைய எச்1என்1 வைரஸ்களில் கிட்டத்தட்ட எல்லாமே இந்த மருந்துக்கு அடங்கவில்லை. 2009இல் புதிதாக வந்த பன்றிக் காய்ச்சல் வைரஸ் அடங்கியது நம் அதிர்ஷ்டம்.

2018இல் ஜப்பானில் வந்த பலாக்ஸாவிர் ஒரே வேளை மருந்து. வைரஸ் பெருகுவதையே தடுக்கிறது. நோயாளிக்கு இதைக் கொடுத்தால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பரவுவது சுமார் 30 சதவீதம் குறைகிறது என்று 2025இல் வெளியான ஆய்வு காட்டியது. தடுப்பூசி இல்லாத மாதங்களில் இது பெரிய விஷயம். விலை அதிகம், குழந்தைகளிடம் மருந்துக்கு அடங்காத வைரஸ் சற்று எளிதாக உருவாகிறது. அதனால் ஓசல்டாமிவிரைக் கைவிடாமல் இரண்டையும் இருப்பு வைப்பதே சரி.

தடுப்பூசிக்கு வருவோம். கருவுற்ற கோழிமுட்டைக்குள் வைரஸை வளர்ப்பது 1940களின் முறை. மலிவு, பாதுகாப்பு பற்றிப் பல பத்தாண்டு அனுபவம், பல நாடுகளில் தொழிற்சாலை. இதெல்லாம் சரி. ஆனால் 2009 வைரஸ் முட்டையில் சரியாக வளரவில்லை, தாமதத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். பறவைக் காய்ச்சல் என்றால் இன்னும் சிக்கல்: எச்5என்1 முட்டைக்குள் இருக்கும் கருவையே கொன்றுவிடும் என்பதால் முதலில் மரபணுவை மாற்றி அதன் வீரியத்தைக் குறைக்க வேண்டும். கோழிப் பண்ணைக்கே நோய் வந்தால் முட்டைக்கு எங்கே போவது?

இதே முட்டையில் தயாராகும் மூக்கு ஸ்ப்ரே தடுப்பூசி ஒன்று உண்டு. புணே சீரம் நிறுவனத்தின் நாசோவாக் அந்த வகை. ஒரு முட்டையிலிருந்து பல மடங்கு டோஸ் கிடைக்கும், ஊசியும் வேண்டாம். மக்கள்தொகை மிகுந்த நாட்டுக்கு அருமையான வழி. ஆனால் வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. 2009இல் மிக அதிக ஆபத்தில் இருந்தவர்களில் அவர்களும் உண்டு என்பதை மறக்க முடியாது.

நாயின் சிறுநீரக செல்களில் வளர்க்கும் முறைக்கு அமெரிக்கா 2012இல் அனுமதி தந்தது. முட்டை வேண்டாம், ஆனால் நன்றாக வளரும் வைரஸ் வேண்டும். 2013இல் அங்கே அனுமதி பெற்ற ஃப்ளூபிளாக் என்ற தடுப்பூசிக்கு அதுவும் வேண்டாம். மரபணு வரிசை இருந்தால் பூச்சி செல்களில் தேவையான புரதத்தை மட்டும் தயாரித்துவிடலாம்.

எம்ஆர்என்ஏ என்பது வைரஸின் ஒரு புரதத்தை நம் உடலே தயாரிக்கச் சொல்லும் மரபணுக் குறிப்பை ஊசியில் கொடுக்கும் முறை. வேகத்தில் அதை எதுவும் தொட முடியாது. கோவிட் வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது. மார்ச் 16 அன்று முதல் தன்னார்வலருக்கு ஊசி போட்டாயிற்று. காய்ச்சல், உடல்வலி கொஞ்சம் அதிகம், குளிர்பதனச் செலவும் உண்டு. அதற்காக, மாடர்னாவின் பறவைக் காய்ச்சல் தடுப்பூசிக்கு ஒதுக்கிய பணத்தை 2025 மே மாதம் அமெரிக்க அரசு ரத்து செய்தது பெரும் தவறு என்றே சொல்வேன்.

நமக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. புணேயின் ஜெனோவா நிறுவனம் தயாரித்து 2022இல் அனுமதி பெற்ற எம்ஆர்என்ஏ கோவிட் தடுப்பூசியைச் சாதாரண மருந்து ஃபிரிட்ஜின் 2 முதல் 8 டிகிரியிலேயே வைக்கலாம். அந்தத் தொழில்நுட்பத்தில் ஒரு எச்5என்1 தடுப்பூசியை முதல்கட்ட மனிதச் சோதனை வரை முடித்து வைக்க அரசு இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.