குளக்கரை ரோட்டுக்கு நானே செய்த சப்அசெம்பிளி, நாலு வருஷம் கழித்து

ரோடு வடிவமைக்கிற சிவில் 3டி மென்பொருளில் ரோட்டின் குறுக்குவெட்டைத் துண்டு துண்டாகச் சேர்ப்போம், அந்தத் துண்டுதான் சப்அசெம்பிளி. அதோடு வருகிற லேன் (வண்டி ஓடுகிற பாதை), ஷோல்டர் (பாதையை ஒட்டிய ஓரம்), சரிவுத் துண்டுகள் நன்றாகவே இருக்கின்றன. நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் சமதரையில் போகிற ரோடு என்றால் இன்றைக்கும் அதையேதான் இழுத்துப் போடுகிறேன், அதற்கெல்லாம் சொந்தமாகச் செய்ய உட்காருவது வெட்டி வேலை. வம்பு வருவது நம்மூர்க் குளக்கரை ரோட்டில். ஒரு பக்கம் தண்ணீர், கல் பதித்த சரிவு, அதைத் தொடக்கூடாது. மறுபக்கம் பத்தடிப் பள்ளத்தில் வயல், அங்கே ஒரு முழம் நிலம்கூட எடுக்க முடியாது. நடுவில் கிடக்கிற 3.75 மீட்டர் ரோட்டை 5.5 ஆக்கித் தாருங்கள் என்பார்கள்.

முதல் தடவை சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கரைக்கு, சாதாரண சரிவுத் துண்டை இரண்டு பக்கமும் மாட்டி 1:2 (ஒரு மீட்டர் இறங்க இரண்டு மீட்டர் அகலம்) கொடுத்து காரிடாரை, அதாவது அந்தக் குறுக்குவெட்டை ரோடு நெடுக இழுத்து வருகிற மாடலை, ஓட்டினேன். படம் அழகாக வந்தது. பிரிண்ட்டைப் பார்த்த சைட் அண்ணாச்சி, "என்னவே, ரோட்டைக் கொண்டுபோய்க் குளத்துக்குள்ள விட்டிருக்கீரு?" என்றார். கரையின் பழைய சரிவு 1:1.5, நான் கொடுத்ததோ அதைவிடப் படுத்த சரிவு, அது கரையை எங்கே சந்திக்கும், கல்பதிப்பு முழுவதையும் மூடிக்கொண்டு குளத்து அடிக்குப் போய்த்தான் நின்றது. தரையைத் தொடும்வரை போ என்று நான்தான் சொன்னேன், போயிற்று.

அப்புறம்தான் சொந்தமாகத் துண்டு செய்கிற சப்அசெம்பிளி கம்போஸரைத் திறந்தேன். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஃப்ளோசார்ட் போல, புள்ளிகள், அவற்றை இணைக்கும் லிங்க், லிங்க்குகள் அடைக்கும் ஷேப், நடுநடுவே 'இப்படி இருந்தால் இந்த வழி, இல்லாவிட்டால் அந்த வழி' என்று ஒரு டிசிஷன். புத்திசாலித்தனம் என்று நினைத்து முழு ரோட்டையும் ஒரே துண்டாகச் செய்தேன், முப்பது சொச்சம் அளவுருக்கள். ஆறு மாசம் கழித்துத் திறந்தால் எது எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை. தூக்கிப் போட்டுவிட்டேன்.

இப்போது இருப்பவை சின்னத் துண்டுகள். லேன் மென்பொருளோடு வந்ததுதான், வளைவில் ரோட்டை ஒரு பக்கமாகச் சாய்க்கிற சூப்பர் எலிவேஷன் வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது, அதில் கை வைக்காதீர்கள். தண்ணீர்ப் பக்கத் துண்டு, கல்பதிப்பின் மேல்விளிம்புக் கோட்டை ஆஃப்செட் டார்கெட்டாக, அதாவது பக்கவாட்டில் எதுவரை போகலாம் என்று காட்டும் கோடாக, எடுத்து மண் ஷோல்டரை அங்கேயே முடித்துவிடும். அகலம் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் அந்த லிங்க்குக்கு வேறு கோட் (அடையாளப் பெயர்) கொடுத்திருக்கிறேன், படத்தில் சிவப்பாகத் தெரியும். வயல் பக்கத் துண்டு முதலில் 1:2 சரிவை இறக்கிப் பார்க்கும், சரிவின் அடிமுனை நிலத்து எல்லையைத் தாண்டினால் சரிவை விட்டுவிட்டுத் தடுப்புச்சுவர் போடும். கரிசல் மண் வருகிற இடங்களுக்கு ரோட்டைத் தாங்குகிற 500 மில்லிமீட்டர் மண் அடுக்கான சப்கிரேடுக்குக் கீழே இன்னொரு அடுக்கு, கனம் மட்டும் கேட்கும், பூஜ்யம் கொடுத்தால் மறைந்துவிடும்.

புதிதாகச் செய்கிறவர்கள் மிரளுவது ஒரு இடத்தில். துண்டுகளைச் சேர்க்கிற குறுக்குவெட்டான அசெம்பிளியில் மாட்டும்போது டார்கெட் எதுவும் இருக்காது, அந்த நிலைக்கும் ஒரு வழி வரைந்து வைக்காவிட்டால் துண்டு கண்ணுக்கே தெரியாது. நான் ஒரு நாள் முழுக்க, ஏதோ கெட்டுப்போயிற்று என்று திரும்பத் திரும்ப இறக்குமதி செய்துகொண்டிருந்தேன்.

பணத்தில் கை வைத்த தவறு டேட்டம் கோட். சுவருக்கு அடியில் இருக்கிற லிங்க்குக்கு அதைக் கொடுக்க மறந்துவிட்டேன். டேட்டம் என்று பெயர் கொடுத்த லிங்க்குகளை வைத்துத்தான் மண்வேலைக்கான பரப்பு உருவாகிறது, அதனால் சுவர் வந்த இடமெல்லாம் நிரப்பு மண் குறைவாகக் காட்டியது. படத்தில் ஒரு குறையும் தெரியாது! இரண்டு செக்‌ஷனைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அன்றிலிருந்து எந்தத் துண்டைத் திருத்தினாலும் மூன்று செக்‌ஷனாவது கையால் கணக்குப் போடாமல் அளவைக் கொடுப்பதில்லை, திருத்தியதற்குப் பழைய பெயரையும் வைப்பதில்லை.

இன்னொன்று, 20 மீட்டருக்கு ஒரு செக்‌ஷன் என்று விட்டால் இடையில் இருக்கிற மடை காணாமல் போகும். மடைக்கும் மறுகாலுக்கும் (குளத்தின் மிகுநீர் வெளியேறுகிற இடம்) முன்னும் பின்னும் கையால் ஸ்டேஷன், அதாவது குறுக்குவெட்டு எடுக்கிற இடம், சேர்க்க வேண்டும், இதற்கு எந்தத் துண்டும் உதவாது.

செலவழித்த நேரம் தேறியதா என்று கேட்டால், 2023 டிசம்பர் வெள்ளம் வரைக்கும் சந்தேகத்தில்தான் இருந்தேன். அதற்கப்புறம் ஒரு கரை ரோட்டை அரை மீட்டர் உயர்த்திக் கேட்டார்கள். ப்ரொஃபைலை, அதாவது ரோட்டின் நீளவாக்கு உயரக்கோட்டை, ஏற்றி மறுபடி ஓட்டினேன், சரிவு எல்லையைத் தாண்டிய இடங்களில் சுவர் தானாக வந்து நின்றது, தண்ணீர்ப் பக்கம் கல்பதிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரிண்ட்டை அதே அண்ணாச்சியிடம் கொடுத்தேன். தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மறுகால் எங்கவே?" என்றார். ஸ்டேஷன் சேர்க்க மறந்திருந்தேன்.